எச்பி5 நெகட்டிவில் துளை ஓரமாக வெளிறிய கோடுகள்: கோளாறு டேங்கிலா, ஸ்கேனிலா?

நிழலாடி (கேள்வி)

வணக்கம். 35 மி.மீ. எச்பி5 பிளஸ் (இல்ஃபோர்டு நிறுவனத்தின் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்), ஐஎஸ்ஓ 400-லேயே எடுத்தது. டி-76 டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 1+1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரி செல்சியஸ், 11 நிமிடம். பேட்டர்சன் டேங்கில் ஒரே ரீல் (ஃபிலிமைச் சுற்றும் சுருள்), 300 மி.லி. கரைசல். முதல் நிமிடம் விடாமல் கவிழ்த்து நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு 30 விநாடிக்கு ஒருமுறை, நல்ல வேகத்தில். ஸ்டாப் பாத்துக்குப் (டெவலப்பை நிறுத்தும் கரைசல்) பதில் தண்ணீர். ரேப்பிட் ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) 1+4, 2 நிமிடம். ஏற்கெனவே சில ரோல்களுக்குப் பயன்படுத்திய கரைசல்.

ஸ்கேன் டிஜிட்டல் கேமராவில்: எல்இடி பலகை, அதன் மேலேயே ஃபிலிம், மேக்ரோ லென்ஸ். பாசிட்டிவாக மாற்றிப் பார்த்தால் வானத்தின் மேல், கீழ் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி வெளிறிய கோடுகள். நான்கு மூலையும் நடுவைவிட வெளுத்திருக்கிறது. நெகட்டிவில் லேசான ஊதாச் சாயம் வேறு. கேமராவில் ஒளிக்கசிவு என்கிறார் ஒருவர். டெவலப்பர் ஊற்றுமுன் ஃபிலிமைத் தண்ணீரில் ஊறவை என்கிறார் இன்னொருவர். எதை முதலில் மாற்றுவது?

இருட்டறை

ஸ்கேனை மூடிவிட்டு நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து லூப்பால் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், நெகட்டிவில் அடர்த்தி கூடினாலும் பாசிட்டிவ் வெளுக்கும், ஸ்கேன் செய்யும்போது ஓரத்தில் வெளிச்சம் குறைந்தாலும் பாசிட்டிவ் வெளுக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிரித்தறிய எளிய வழி: அதே ஃப்ரேமை 180 டிகிரி திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிமோடு சேர்ந்து இடம் மாறுவது டேங்கின் வேலை. திரையில் அதே இடத்தில் நிற்பது லென்ஸ் அல்லது விளக்கின் வேலை.

கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் உள்ள பற்சக்கரத் துளைகளில் துளைக்குத் துளை 4.75 மி.மீ., ஒரு ஃப்ரேமுக்கு எட்டுத் துளை. கோடுகள் அதே இடைவெளியில் துளைக்கு நேராக நின்றால் காரணம் கலக்கிய விதம்தான். கவிழ்க்கும் வேகத்தில் கரைசல் துளை வழியாகப் பீறிட்டுப் பாய்கிறது. அந்த இடத்தில் மட்டும் புது டெவலப்பர் விரைவாக வந்து சேர்வதால் அடர்த்தி ஏறுகிறது. வானம் மாதிரி நன்றாக ஒளிபட்ட, சீரான பரப்பில்தான் இது கண்ணில் படும். மரம், கூட்டம் உள்ள ஃப்ரேமில் இருந்தாலும் தெரியாது. ஒளிக்கசிவு என்றால் ஃப்ரேமுக்கு வெளியே, துளைகளுக்கு நடுவேயும் எண்கள் அச்சான விளிம்பிலும்கூடக் கருப்பு ஏறியிருக்கும். விளிம்பு தெளிவாக இருந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம்.

மாற்ற வேண்டியது கலக்கும் முறை. இல்ஃபோர்டு சொல்வது: முதல் 10 விநாடியில் நான்கு தடவை கவிழ்த்தல், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடியில் நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் குமிழி விலக டேங்கை மேசையில் ஒரு தட்டு. ஒரு கவிழ்ப்புக்கு இரண்டரை விநாடி வருகிறது, அவசரமே இல்லை. கவிழ்க்கும்போதே டேங்கைக் கொஞ்சம் சுழற்றிப் பிடித்தால் ஓட்டம் ஒரே பாதையில் போகாது. 11 நிமிடத்தை மாற்றாதீர்கள்.

வெள்ளித்துகள்

மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் கரைசலின் அளவை விட்டுவிட்டார். 300 மி.லி. 1+1 என்றால் உள்ளே இருக்கும் ஸ்டாக் (தண்ணீர் கலக்காத மூலக் கரைசல்) 150 மி.லி.தான். 36 ஃப்ரேம் ரோல் ஒன்றுக்கு 1+1 கரைசல் 473 மி.லி. என்பது கோடாக்கின் கணக்கு. அதில் பாதி அளவில் செய்தால் நேரத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறார்கள். இரண்டு ரீல் டேங்கில் 500 மி.லி. ஊற்றிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஒற்றை ரீல் நடுத்தண்டில் மேலே நழுவி, கரைசலுக்கு வெளியே தலைகாட்டும். அப்படியானால் ஒரு பக்க விளிம்பு முழுக்க மெலிந்துபோகும். மேலே வெற்று ரீல் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கோடுகளுக்குப் பயந்து கலக்குவதையே விட்டுவிட வேண்டாம். அப்போது எதிர்த்திசைக் கோளாறு வரும். டெவலப் ஆகும் இடத்தில் வெளியேறும் புரோமைடு கீழே வழிந்து, வழியில் உள்ள பகுதியின் டெவலப்பை மட்டுப்படுத்தும். நெகட்டிவில் மெலிந்த கோடு, பாசிட்டிவில் கருத்த கோடு. உங்களுடையது வெளிறிய கோடு என்பதால் இது இல்லை.

முன்கூட்டி ஊறவைத்தல்: இல்ஃபோர்டே தன் ஃபிலிம்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை, சீரின்மையைக் கூட்டலாம் என்கிறார்கள். இந்தக் கோளாறுக்கு அது மருந்தும் அல்ல.

ஊதாச் சாயத்துக்கு ஃபிக்ஸரைச் சோதியுங்கள். டெவலப் ஆகாத ஃபிலிம் நுனித் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, அது தெளிய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எச்பி5 மாதிரி வழக்கமான ஃபிலிமுக்கு அதன் இரு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்ய வேண்டும். டி-மேக்ஸ், டெல்டா போன்ற தட்டைத் துகள் ஃபிலிம்களுக்கு மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. புதுக் கரைசலில் ஆன நேரத்தைப் புட்டியில் எழுதி ஒட்டுங்கள், அது இரட்டிப்பானதும் கொட்டிவிடலாம். துண்டு சரியாகத் தெளிந்து, லேசான ஊதா மட்டும் மிச்சமிருந்தால் அது ஒளித்தடுப்புச் சாயம் (ஃபிலிமுக்குள் ஒளி எதிரொளிக்காமல் தடுப்பது). கழுவுவதை நீட்டினால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டாலும் ஸ்கேனுக்குத் தடையில்லை. பால் போல மங்கலாக இருந்தால்தான் ஆபத்து.

நிழலாடி

திருப்பிப் பார்த்தேன். கோடுகள் ஃபிலிமோடு நகர்கின்றன, 4.75 மி.மீ.க்குச் சரியாகப் பொருந்துகின்றன, விளிம்பு தெளிவு. மூலை வெளுப்பு திரையில் அதே இடத்தில் நிற்கிறது. நுனித்துண்டு தெளிய 80 விநாடி ஆனது. மூலை வெளுப்பை எப்படிச் சரிசெய்வது?

மேக்ரோமேசை

ஃபிலிமை எடுத்துவிட்டு, அதே தூரம், அதே அப்பெர்ச்சரில் வெறும் வெளிச்சப் பலகையை ஒரு படம் எடுங்கள், எரிந்துபோகாத (வெளிச்சம் மிகுந்து விவரம் அழியாத) எக்ஸ்போஷரில். அந்தப் படத்திலும் மூலை இருண்டிருந்தால் காரணம் கையில் கிடைத்தது. அதையே சமன்செய்யும் படமாக வைத்து, பாசிட்டிவாக மாற்றுவதற்கு முன்பே ரா (கேமராவின் பதப்படுத்தாத கோப்பு) மென்பொருளில் பிளாட் ஃபீல்டு (வெளிச்சச் சமன்) திருத்தம் செய்யலாம். மாற்றிய பிறகு செய்தால் கணக்கு ஒட்டாது. அப்பெர்ச்சர் எஃப்/8 வைத்தால் லென்ஸின் ஓர இருட்டு பெருமளவு அடங்கும். எஃப்/16-க்குப் போனால் விளிம்பு விலகலில் (சிறு துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவது) கூர்மை குறையும்.

ஃபிலிமைப் பலகையின் மேலேயே வைப்பது சரியில்லை. சில சென்டிமீட்டர் உயர்த்தினால் பலகையின் தூசியும் புள்ளிகளும் குவியத்துக்கு வெளியே போய்விடும். பலகை ஃப்ரேமைவிட நன்கு பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் ஃப்ரேமைச் சுற்றிக் கருப்பு அட்டையால் மறைத்துவிடுங்கள். துளை வழியே வரும் நேர் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறினால் படத்தின் ஓரம் பாசிட்டிவில் கருத்துப்போகும், கான்ட்ராஸ்டும் சரியும். “எச்பி5 சாம்பலடிக்கிறது” என்ற புகாரில் பாதி இதுதான்.

சென்சாரும் ஃபிலிமும் இணையாக இருக்கிறதா என்று பார்க்க, ஃபிலிம் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நட்டநடுவில் விழ வேண்டும். குவியத்தை ஃபிலிமின் வெள்ளித் துகளின் மேல் வையுங்கள், படத்தின் மேல் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, ரா. வெளிச்சத்தை ஃபிலிமின் வெற்று விளிம்பு எரியாத அளவுக்கு ஏற்றுங்கள்.

இன்னொன்று: ஸ்கேனரில் உள்ள அகச்சிவப்புத் தூசி நீக்கத்தைக் கறுப்பு-வெள்ளை வெள்ளி ஃபிலிமுக்குப் போடாதீர்கள். வெள்ளித் துகள் அகச்சிவப்பையும் மறைப்பதால் மென்பொருள் படத்தையே தூசியாக நினைத்து அழிக்கும். சி-41 என்ற கலர் ஃபிலிம் முறையில் டெவலப் ஆகும் கறுப்பு-வெள்ளை ஃபிலிமான எக்ஸ்பி2 சூப்பருக்கு மட்டும் அது சரிப்படும்.

வெள்ளித்துகள்

80 விநாடி என்றால் அந்தக் கரைசலில் இரண்டே நிமிடம் போதாது. காய்ந்த ஃபிலிமானாலும் வெளிச்சத்திலேயே மறுபடி ஃபிக்ஸ் செய்யலாம். 20 டிகிரி தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, புது 1+4 கரைசலில் 4 நிமிடம். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி 5, 10, 20 கவிழ்ப்பு. கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளித் தடம் விழாமல் காக்கும் திரவம்) 1+200. அதற்கு முன் ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றிவிடுங்கள். வெட்டிங் ஏஜென்ட் ரீலில் படிந்தால் அடுத்த ஃபிலிம் ஏறாமல் சிக்கும், டெவலப்பரிலும் நுரை எழும்.

துளைக் கோடுகளை ரசாயனத்தால் எடுக்க முடியாது. வானம் மட்டும் என்றால் மென்பொருளில் ஓரத்தைக் கொஞ்சம் எரித்துச் (கருமையாக்கி) சமன்செய்யலாம், இல்லையேல் ஃப்ரேமை மேலும் கீழும் வெட்டிவிட வேண்டியதுதான்.