அம்பாவுக்கு எத்தனை கட்டை?

பாம்பன்

பிள்ளைகளுக்குப் பாட்டும் தாளமும் வைத்து கோடிங் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள். என்னுடையது 2025 மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் ஊரில் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. மதுரையில் வேலை பார்க்கும் நான் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் வருவார்கள். லேப்டாப் மூன்றுதான். மூன்றும் அவர்களின் அண்ணன் அக்காமார் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தவை. உப்புக் காற்றில் ஒன்றின் ஸ்பீக்கர் கரகரத்துப் போயிருந்தது.

முதலில் ஓர் இடத்தில் அறை கொடுத்தார்கள். நாலே நாளில், சத்தம் தாங்கவில்லை, காலி பண்ணுங்கள் என்றுவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் எங்கள் வீட்டு வாசலிலேயே வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். இப்போது யோசித்தால் அந்த இடம்தான் எங்களுக்கு வாய்த்தது. போகிறவர் வருகிறவர் காதில் எல்லாம் விழுந்தது, அதனால்தான் தாத்தாவும் வந்தார். அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்க்ராட்ச், பிள்ளைகள் கோடிங் பழகுவதற்கான மென்பொருள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து டிஜே எழுப்பும் சத்தத்துக்குத்தான் ஸ்க்ராட்ச் என்று பேர். அதை வைத்தே இதற்கும் பேர் வைத்தார்கள். காசு இல்லை, ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட்டும் வேண்டாம். கட்டளைகள் வண்ண வண்ணத் துண்டுகளாக இருக்கும், ஒன்றோடொன்று இழுத்துப் பொருத்த வேண்டும். பிள்ளைகள் முதல் நாளே அதற்குக் 'கட்டை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்த கட்டைகளின் பொருளை அட்டையில் தமிழில் எழுதி மரத்தில் மாட்டினேன். இசைக்கென்று தனித் தொகுப்பு ஒன்று உண்டு. பதினெட்டு வகைத் தட்டுச் சத்தம், இருபத்தொரு வாத்தியம். சுரத்துக்கு எண் கொடுக்க வேண்டும்: 60 என்றால் நடு ச, 62 ரி, 64 க, இப்படி. எத்தனை தட்டு நீளம் என்பதையும் எண்ணில் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் நடந்ததை மறக்க முடியாது. ஒரு பிள்ளை தாளத்துக்குத் தனியாக ஒரு கட்டை வரிசை அடுக்கியிருந்தாள், நாலு தட்டு, ஓயாமல் சுற்றும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டுக்கு இன்னொரு வரிசை. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் முதல் சுற்று ஜோராக இருக்கும், மூன்றாம் சுற்றில் பாட்டு தாளத்தைத் தாண்டி ஓடும், பத்தாம் சுற்றில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுக்கா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். டெம்போ 60, அதாவது நிமிடத்துக்கு அறுபது தட்டு. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனதும் இரண்டும் தானாகவே மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. எல்லோரும் "ஏய்!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு அவனை யாரும் உட்கார வைக்க முடியவில்லை. மணலில் எழுதினான்: ஒன்று, அரை, அரை, ஒன்று, அரை, கால். கூட்டிப் பார்த்தான். "அக்கா, மூணே முக்கால்தான் இருக்கு. கால் குறையுது." கடைசிக் காலை அரையாக மாற்றினான், சரியாகிவிட்டது. ஆனால் விடவில்லை. ஏன் ஒரு நிமிடத்தில் சேர்ந்தது என்று கேட்டான். நாலை பதினைந்து தடவை, மூணே முக்காலைப் பதினாறு தடவை போட்டால் இரண்டும் அறுபது. பொது மடங்கு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது அவனுக்குத் தூக்கம் வந்ததாம். படம் வரையும் ப்ரோக்ராமில் ஒரு கோடு கொஞ்சம் கோணினால் பிள்ளைகள் அப்படியே விட்டுவிடுவார்கள். தாளம் பிசகினால் விடமாட்டார்கள், உடம்பு கூசும். தப்பு எங்கே என்று நான் காட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

பாலத்தைச் சொல்லாமல் பாம்பன்காரி கடக்க முடியுமா? அந்த ஏப்ரலில்தான் புது ரயில் பாலத்தைத் திறந்திருந்தார்கள். கப்பலுக்கு வழிவிட நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகும். ஒரு பிள்ளை அதை வரைந்து, பாலம் ஒரு மீட்டர் ஏறும்போதெல்லாம் சுரமும் ஒரு படி ஏறும்படி வைத்தாள். பதினேழு படி. உயரம் என்று ஒரு பெட்டி வைத்துக்கொண்டு அதில் ஒன்று ஒன்றாகக் கூட்ட வேண்டும், அந்த எண்ணையே 60-உடன் சேர்த்துச் சுரமாகவும் கொடுக்க வேண்டும். வேரியபிள் என்ற சொல்லை நான் சொல்வதற்கு முன்பே அவளுக்கு வேரியபிள் புரிந்திருந்தது.

கட்டை என்ற சொல்லால் ஒரு குழப்பமும் வந்தது. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் வந்து, "எத்தனை கட்டை?" என்று கேட்டார். பாட்டின் சுருதியைத்தான் கேட்டார், அதையும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். "ஒன்பது கட்டை" என்றது ஒரு வாண்டு, தான் அடுக்கிய கட்டைகளை எண்ணி. அண்ணன் திகைத்துப்போனார். ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. ஒரு கட்டை என்றால் 60, இரண்டு கட்டை 62, ஐந்து கட்டை 67 என்று அவரே ஆர்மோனியத்தைத் தொட்டுக் காட்டி அட்டவணை எழுதிக்கொடுத்தார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது தாத்தா. எங்கள் தெருவில் கரைவலை, அதாவது கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் வலை, இழுத்த கடைசித் தலைமுறை. சாயங்காலம் ரேடியோவில் கடல் ஓசை 90.4-ஐப் போட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பார். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை ப்ரோக்ராமாகச் செய்யலாம் என்றார்கள் பிள்ளைகள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடும் பாட்டு. திரையில் ஒரு ஆள் பாடி முடித்ததும் மற்ற ஆட்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அவர்கள் அதைக் கேட்டுப் பாட வேண்டும். அனுப்பும் கட்டையில் இரண்டு வகை உண்டு: செய்தியை அனுப்பிவிட்டுத் தன் போக்கில் போவது ஒன்று, அனுப்பிவிட்டு அவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது இன்னொன்று. பிள்ளைகள் முதலாவதைப் போட்டதில் எல்லாக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. காத்திருக்கும் கட்டைக்கு மாற்றியதும் வரிசைக்கு வந்தது. கைதட்டினோம்.

தாத்தா ரேடியோவைக் குறைத்துவிட்டு எழுந்து வந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஆத்தா, இதுல வலை எப்ப வரும்?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் வேப்பமரத்தில் கட்டியிருந்த கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக் காட்டினார். பாட்டு முடிந்து ஏலேலோ வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு. ஏலேலோவின் கடைசி எழுத்தில் இழுப்பு. இழுத்த பிறகு கயிற்றில் கைமாற்றிப் பிடிக்க இன்னொரு இடைவெளி. அங்கே யாரும் பாட முடியாது. "பாட்டு வாய்க்கு இல்ல ஆத்தா, கைக்கு."

ஓய்வுக் கட்டை என்று ஒன்று இருக்கிறது, இத்தனை தட்டு சும்மா இரு என்பதற்கு. அதுவரை பிள்ளைகள் அதைத் தொட்டதே இல்லை, சத்தம் வராத கட்டை எதற்கு என்று. அன்றைக்கு இரண்டு இடத்தில் செருகினார்கள். முதலில் அரைத் தட்டு வைத்தார்கள், தாத்தா தலையாட்டவில்லை. ஒன்று வைத்தார்கள். கொடிக்கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "ம், இப்ப வருது" என்றார்.

கீழக்கரை

பாம்பன் அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் தங்கச்சி மகளும் அவள் தோழிகளும் நாலு பேர், என் வீட்டு மாடியில். மேக்கி மேக்கி என்று ஒரு சின்ன பலகை ஒரு நண்பர் கொடுத்திருந்தார். அதை யு.எஸ்.பி.யில் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். அம்புக்குறிகள் நாலு, ஸ்பேஸ் ஒன்று, மொத்தம் ஐந்து விசைக்கு ஒயர் மாட்டினேன். ஐந்து விசை என்றால் ஐந்து சுரம், மோகன ராகம்: 60, 62, 64, 67, 69. இந்த ஐந்தில் எதை எப்படித் தட்டினாலும் காதுக்குக் கேடில்லை, அதனால் புதுசாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் கொடுப்பேன்.

ஐந்து டம்ளரில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். ஒரு கையில் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை விரலைத் தண்ணீரில் வைத்தால் சுரம் வரும். மருமகள் கேட்டாள்: "மாமா, கடல்தண்ணி ஊத்துனா சத்தம் கூட வருமா?" நல்ல கேள்வி. கடல்தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, மின்சாரம் எளிதாகப் போகும். ஓடிப்போய் ஒரு குடம் கொண்டுவந்தார்கள். ஊற்றிப் பார்த்தால் அதே சத்தம். குடிதண்ணீருக்கும் கடல்தண்ணீருக்கும் துளி வித்தியாசம் இல்லை. முகம் வாடிவிட்டது அவளுக்கு.

அந்த இடத்தில்தான் விசைக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே விஷயம் என்று சொன்னேன்: தொட்டாயா, தொடவில்லையா. துளி மின்சாரம் போனாலும் அந்தப் பலகை தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும். கூடுதல் குறைவு அதற்குத் தெரியாது. ஒன்று, பூஜ்யம் என்று புத்தகத்தில் வருவது இதுதான். அடுத்து அவர்களே தேங்காய் எண்ணெயை ஊற்றினார்கள். சத்தமே இல்லை. நாலு பேரும் கைகோத்து நின்று ஒரு முனைக்காரி எர்த்தைப் பிடிக்க, மறுமுனைக்காரி டம்ளரைத் தொட்டாள், வந்தது! கையை விட்டால் நின்றது.

ஒரு தொல்லையும் உண்டு. விரலைத் தண்ணீரிலேயே வைத்திருந்தால் சுரம் திக்கித் திக்கி வந்துகொண்டே இருக்கும். விசையை அமுக்கியே வைத்தால் எழுத்து வரிசையாக விழுமே, அதே சங்கதி. விரலை எடுக்கும்வரை காத்திரு என்று ஒரு கட்டை சேர்த்தால் சரியாகும். அக்கா வீட்டுக் கதையிலும் காத்திருப்பதுதான், எங்கள் வீட்டிலும் அதுதான்.

சாயல்குடி பக்கம்

எங்களிடம் லேப்டாப் கிடையாது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம், அதன்கீழ் இன்னொரு எட்டு. மேல்வரிசை கை, கீழ்வரிசை கால். பனங்கொட்டை இருக்கும் கட்டத்தில் தட்டு, வெறும் கட்டத்தில் சும்மா இரு. ஒரு பிள்ளை கட்டத்தின் ஓரமாக ஒரே சீராக நடந்துபோகும், மற்ற பிள்ளைகள் அவள் நிற்கும் கட்டத்தைப் பார்த்துத் தட்டுவார்கள். முடிந்ததும் முதல் கட்டத்துக்குத் திரும்பு. கும்மி தெரிந்த பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது.

தகதிமிக்கு நாலு கட்டம், தகிடவுக்கு மூன்று. மேல்வரிசையில் நாலு நாலாகவும் கீழ்வரிசையில் மூன்று மூன்றாகவும் கொட்டை வைத்துப் பார் என்றேன். எட்டில் மூன்று அடங்கவில்லை. பன்னிரண்டு கட்டம் போட்டால் இரண்டும் அடங்கும் என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை சாக்பீஸை வாங்கி நாலு கட்டம் கூடுதலாக வரைந்தது. பிறகு என் போனில் க்ரோம் மியூசிக் லேப் என்ற இசை வலைத்தளத்தைத் திறந்து காட்டினேன். அதிலும் கட்டங்கள்தான். "டீச்சர், இது நம்ம பனங்கொட்டை" என்றார்கள்.

மறுபடி பாம்பன்

சாயல்குடி டீச்சருக்கு நன்றி. நேற்றே பனங்கொட்டைக்குச் சொல்லிவிட்டேன். மூன்று லேப்டாப்புக்குப் பதினோரு பேர் காத்திருக்கும் தொந்தரவு எனக்கு உண்டு. கட்டத்தில் தாளத்தைச் சரிபார்த்துவிட்டு லேப்டாப்புக்கு வரட்டும்.

கீழக்கரைத் தம்பிக்கு ஒன்று. திறந்த மாடியில் மைக்கை வைத்து எதுவும் செய்யாதீர்கள். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தொடங்கு என்று ஒரு கட்டை உண்டு, அதை வைத்துக் கைதட்டினால் பறை முழங்கும்படி செய்தோம். கச்சான் காற்று மைக்கில் அடித்ததில் ராத்திரி முழுக்க முழங்கிக்கொண்டிருந்தது. அளவை 10-லிருந்து 40-க்கு ஏற்றிய பிறகுதான் அடங்கியது.

ஒரு உதவி வேண்டும். அம்பாவில் ஊருக்கு ஊர் இழுப்பு மாறும் என்கிறார் தாத்தா. வடகடலில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரைவலை இழுத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், போனில் ஒரு சுற்று பதிவு செய்து அனுப்புங்கள். பாட்டு மட்டும் போதாது, கயிறு ஒன்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உட்கார்ந்தபடி பாடினால் அந்த இரண்டு இடைவெளியும் வராது.