உயிரொலி திரும்பத் திரும்ப வருவது மோனையா, வண்ணமா?

வினா (வெண்பா பயில்பவர்):
அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிய பயிற்சி வெண்பா ஒன்றில் முதற்சீர் ‘இனிய’ என்றும் மூன்றாம் சீர் ‘எழிலே’ என்றும் அமைந்தன. மோனை (சீர்களின் முதலெழுத்து ஒன்றி வருவது) சரியாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். இகரமும் எகரமும் வேறு வேறு எழுத்துகளாயிற்றே, அவை எவ்வாறு மோனையாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. அத்துடன், ஆங்கிலப் பாக்களில் அசொனன்ஸ் என்று சொல்லி, சொல்லின் நடுவே ஒரே உயிரொலி பலமுறை வருவதையும் ஓர் அழகாகக் கொள்கிறார்கள். நம் யாப்பில் அதற்கு இடம் உண்டா?

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற தமிழாசிரியர்):
பாராட்டியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மோனையில் உயிர்கள் மூன்று இனங்களாக நிற்கின்றன: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். 392ஆம் குறளின் முதலடியைப் பாருங்கள்: ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும்’. நான்கு சீர்களும் இகர இனத்து உயிர்களாலேயே தொடங்குவதால் இது முற்று மோனை.

இந்தப் பகுப்பு ஏதோ வசதிக்காகச் செய்யப்பட்டதன்று. வாயைத் திறந்த அளவில் அ, ஆ பிறக்கும். நாவிளிம்பு மேற்பல்லைப் பொருந்த இ, ஈ, எ, ஏ, ஐ பிறக்கும். இதழ் குவிய உ, ஊ, ஒ, ஓ, ஔ பிறக்கும் என்பது இலக்கணம். மோனையில் இடம் மாறுபவை ஐயும் ஔவும் மட்டுமே. இவ்விரண்டும் அகரத்தில் தொடங்கி இகரத்திலும் உகரத்திலும் முடிகிற ஒலிகள். மோனையோ சீரின் தொடக்கத்தைக் கேட்பது. ஆகவே அவை அகரத்தோடு சேர்ந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையிலும் உயிருக்கு இடம் உண்டு. ‘மணி’, ‘வழி’ என்பவற்றில் இரண்டாம் எழுத்தின் மெய் வேறுபட்டாலும் இகரம் ஒன்றி வருவதை உயிர் எதுகை என்பார்கள். ஆனால் காதில் அது மெலிதாகவே ஒலிக்கும் என்பது என் கருத்து.

மறுமொழி 2 (யாப்பு ஆர்வலர்):
ஐயா கூறியவை அனைத்தும் சீரின் முதலெழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் பற்றியவை. நண்பர் கேட்பது சொல்லின் நடுவே பரவி வரும் உயிரை. அதை மோனை, எதுகை போன்ற தொடையில் தேடுவதைவிட, பாட்டின் ஓசை நடையாகிய வண்ணத்தில் தேடலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்கிறார். நெட்டெழுத்துப் பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்துப் பயின்றால் குறுஞ்சீர் வண்ணம், இரண்டும் கலந்து வந்தால் சித்திர வண்ணம்.

‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்ற 391ஆம் குறளை எழுத்தெழுத்தாக எண்ணினேன். உள்ள 19 உயிர்களில் 15 அகரம். ‘கற்பவை’யின் ஐகாரமும் சொல்லின் இறுதியில் குறுகி ஒலிப்பதால், குறளில் நீண்டு ஒலிக்கும் உயிர் ஒன்றுகூட இல்லை. ஐயா காட்டிய அடுத்த குறளிலோ 21 உயிர்களில் ஐந்துதான் அகரம். மேலும், அகரமாகவே ஓடிவந்த அடி ‘கற்றபின் நிற்க’ என்னுமிடத்தில் இரண்டு இகரங்களில் அடுத்தடுத்து ஊன்றி நிற்கிறது. கற்பது முடிந்து நிற்பது தொடங்கும் இடமும் அதுவே.

மறுமொழி 3 (மொழியியல் மாணவர்):
இதில் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. ‘கல்’ என்ற ஒரே வினையை மூன்று முறை ஆண்டால் அகரம் தானே பெருகும். அதைச் சொல்லின் அழகு என்பதா, உயிரின் அழகு என்பதா? அடுத்து, குறுஞ்சீர், நெடுஞ்சீர் என்ற பகுப்பு மாத்திரையை, அதாவது எழுத்து ஒலிக்கும் கால அளவைத்தான் கேட்கிறது. அகரமும் இகரமும் மாறி மாறி வந்தாலும் குறில் பயின்றால் அது குறுஞ்சீர் வண்ணமே. ஒரே உயிர் திரும்ப வருவதற்கு அதில் தனி மதிப்பு இல்லை.

மறுமொழி 2இன் தொடர்ச்சி:
இரண்டாம் தடையை ஒப்புக்கொள்கிறேன். முதல் தடைக்கு எண்ணிக்கையே விடை சொல்லும்: ‘கற்க’, ‘கற்பவை’, ‘கற்றபின்’ மூன்றையும் நீக்கிவிட்டாலும், எஞ்சிய 11 உயிர்களில் ஒன்பது அகரமே.

இதற்கு நேர்மாறாக, ஓர் உயிர் தனித்து நிற்பதன் ஆற்றலுக்கு 341ஐப் பார்க்கலாம்: ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்’. உதடு ஒட்டாத குறள் என்று மேடைதோறும் காட்டப்படுவது இது (அந்த வேடிக்கையோடு பலரும் நின்றுவிடுகிறார்கள்). ‘யாதனின்’ என்பதன் ஆ-அ-இ, ‘அதனின்’ என்பதில் முதலெழுத்து மட்டும் குறுகி அ-அ-இ என்று திரும்புகிறது. குறள் முழுவதிலும் அகரமும் இகரமும் அவற்றின் நெடில்களுமே வருகின்றன. விலக்கு ஒன்றே ஒன்று, ‘நோதல்’ என்பதன் ஓகாரம். இதழ் குவிய வேண்டியிருப்பது துன்பத்தைச் சொல்லும் அந்த ஓரிடத்தில் மட்டும்தான். புலவர் எண்ணி வைத்தாரா என்று நான் வாதிட மாட்டேன். வாய்விட்டுப் படித்தால் அந்த இடம் தனித்துக் கேட்கிறது.

வினா கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. ‘கண்’, ‘அன்பு’ இரண்டும் அகரவொலியோடுதானே தொடங்குகின்றன. இவற்றை மோனையாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1இன் தொடர்ச்சி:
கொள்ளலாகாது. முதலில் மெய் இருந்தால் அதுவும் ஒத்திருக்க வேண்டும். ‘கண்’ணுக்கு க, கா, கை, கௌ என்று தொடங்கும் சொல்லைத் தேடுங்கள், ‘அன்பு’க்கு ‘ஆசை’யோ ‘ஐயம்’ என்பதோ தாராளமாகப் பொருந்தும்.