ஐன்ஸ்டைன் தோற்றாரா? பெல் தேற்றம் உண்மையில் எதை உடைத்தது?

குறைகடத்தி எழுதியது:

2022-இல் அலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் அறிவித்த நாளிலிருந்து ஒரே பல்லவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐன்ஸ்டைன் 'மறை மாறிகள்', அதாவது அளவீட்டின் விடையை முன்கூட்டியே தீர்மானிக்கும், நமக்குத் தெரியாத அளவுகள், இருப்பதாக நம்பினாராம், சோதனைகள் அவை இல்லை என்று காட்டிவிட்டனவாம், ஆகவே அவரோடு வாதிட்ட நீல்ஸ் போர் வென்றாராம். இந்த மூன்றில் கடைசி இரண்டும் தவறு.

1952-இல் டேவிட் போம் வெளியிட்ட கோட்பாடு முழுக்க முழுக்க மறை மாறிக் கோட்பாடுதான். அதில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, குவாண்டம் நிலையை விவரிக்கும் அலைச் சார்பு அதை வழிநடத்துகிறது. நோபல் பெற்ற சோதனைகள் அனைத்துக்கும் அது சரியான விடையைத் தருகிறது. அப்படியிருக்க மறை மாறிகள் செத்துவிட்டன என்று எப்படிச் சொல்கிறீர்கள்? செத்தது அண்மைக் கொள்கை. அதாவது, இங்கே நான் செய்யும் அளவீடு, ஒளி போய்ச் சேரும் முன்பே அங்கே நடப்பதைப் பாதிக்காது என்ற எண்ணம். இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் தன் தேற்றத்தில் காட்டியது அதைத்தான். மறுப்பவர்கள் வரலாம்.

தாமிரக்கம்பி எழுதியது:

வந்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறேன். தாங்கள் சொல்வதுபோல் பெல் 'அண்மைக் கொள்கை பொய்' என்று மட்டும் நிரூபிக்கவில்லை. தேற்றத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று அண்மை. மற்றொன்று, அளப்பதற்கு முன்பே விடை துகளிடம் இருக்கிறது என்ற மெய்ம்மைக் கருத்து. இரண்டில் ஏதாவது ஒன்றை விட்டால் போதும். நான் இரண்டாவதை விடுகிறேன். அளக்காத ஒன்றுக்கு மதிப்பு இல்லை. போர் 1935-இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய பதிலின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

1964 கட்டுரையின் முடிவுரையைத் திறந்து பாருங்கள். குவாண்டம் இயக்கவியலோடு கூடுதல் மாறிகளைச் சேர்த்து, ஒவ்வோர் அளவீட்டின் விடையையும் நிர்ணயிக்கும் கோட்பாட்டில்தான் தொலைதூரப் பாதிப்பு தேவை என்று பெல் எழுதுகிறார். நான் மாறிகளைச் சேர்க்கவே இல்லையே! நிபந்தனை எனக்குப் பொருந்தாது.

குறைகடத்தி எழுதியது:

ஐயா, முடிவுரையைப் படித்துவிட்டு முதல் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கட்டுரை தொடங்குவதே ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரின் 1935 வாதத்திலிருந்து. முன்கூட்டிய விடைகளைப் பெல் அனுமானமாகக் கையில் எடுத்துக்கொண்டு வரவில்லை, அண்மைக் கொள்கையிலிருந்து வருவிக்கிறார்.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். பின்னப்பட்ட, அதாவது ஒரே குவாண்டம் நிலையைப் பகிரும், இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரு முனைகளிலும் போலராய்டு, அதாவது குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் வடிகட்டி. அதை 0, 60, 120 பாகை என மூன்று கோணங்களில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம். இரு பக்கமும் ஒரே கோணம் என்றால் விடை எப்போதும் ஒன்றே: இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் தடுக்கப்படும். இடையில் எதுவும் பயணிக்கவில்லை என்றால் இந்தப் பிசகாத ஒற்றுமை எங்கிருந்து வந்தது? புறப்படும்போதே மூன்று கோணங்களுக்கும் விடையை எடுத்துக்கொண்டு போயிருந்தால்தான் முடியும். இங்கே மெய்ம்மைக் கருத்தை நான் திணிக்கவில்லை. அண்மை கட்டாயப்படுத்துகிறது.

இனி, மூன்று கேள்வி, இரண்டே விதமான விடை. ஆகவே குறைந்தது இரண்டு விடைகள் ஒன்றாக இருந்தே தீரும். இரு பக்கமும் வெவ்வேறு கோணங்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தால், விடைகள் ஒத்துப்போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குக் குறையவே முடியாது. குவாண்டம் இயக்கவியல் சொல்வது 60 பாகையின் கொசைன் வர்க்கம், அதாவது நான்கில் ஒன்று. இயற்கை நான்கில் ஒன்றின் பக்கம் நிற்கிறது. கதை முடிந்தது.

இருட்டறை எழுதியது:

கணக்கு அழகு. ஆனால் 'இயற்கை நிற்கிறது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள், அதை ஐயமறக் காட்ட ஆய்வகக்காரர்களுக்கு முதல் சோதனையிலிருந்து 43 ஆண்டுகள் ஆயின. ஒளியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இதைச் சும்மா விட முடியாது.

முதலில், எந்த ஆய்வகத்திலும் நூற்றுக்கு நூறு ஒற்றுமை கிடைக்காது. அதனால் உங்கள் மூன்றில் ஒன்றை நேரடியாகச் சோதிக்க முடியாது. 1969-இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் கொடுத்த சமனின்மைதான் மேசைக்கு வந்தது. இரு பக்க விடைகளின் ஒற்றுமைகளைக் கூட்டிக் கழித்து அது ஒரே எண்ணாக்குகிறது. அண்மைக் கோட்பாடுகளுக்கு அந்த எண்ணின் உச்சவரம்பு 2. குவாண்டம் இயக்கவியல் அதிகபட்சம் 2.83 வரை போகலாம். 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்கள் உமிழ்ந்த ஃபோட்டான்களைக் கொண்டு முதலில் சோதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கிளாசர் குவாண்டம் இயக்கவியல் தோற்கும் என்று எதிர்பார்த்தவர்!

அதில் ஓர் ஓட்டை. போலராய்டின் கோணம் முன்பே வைக்கப்பட்டுவிட்டதால் ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கம் போய்ச் சேர நேரம் இருந்தது. 1982-இல் ஓர்சேயில் ஆஸ்பே குழு, 12 மீட்டர் இடைவெளியில், பத்து நானோநொடிக்கு ஒருமுறை ஒளியைத் திசைமாற்றியது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 40 நானோநொடி வேண்டும். ஆனால் அந்த மாற்றம் சீரான தாளத்தில் நடந்ததே தவிர உண்மையிலேயே தற்செயலானதல்ல. அதைச் சரிசெய்தது 1998-இல் இன்ஸ்ப்ரூக்கில் 400 மீட்டர் தூரத்தில் சைலிங்கர் குழு. அப்போதும் பெரும்பாலான ஃபோட்டான்கள் உணரியில் பதிவாகாமலே போயின. பதிவானவை மட்டும் நம்மை ஏமாற்றுகின்றனவோ என்ற ஐயம் அப்படியே இருந்தது.

இரண்டு ஓட்டைகளையும் ஒருசேர அடைத்தது 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வகம். 1.3 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு வைரங்கள், அவற்றுக்குள் எலக்ட்ரான் சுழற்சி. கிடைத்தது 245 நிகழ்வுகள் மட்டுமே, ஆனால் மதிப்பு 2.42, பிழை வரம்பு 0.20. அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு இதே முடிவு, புள்ளியியல் உறுதியோ மிக அதிகம். தத்துவம் பேசுபவர்கள் இந்த உழைப்பை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது.

ஞானச்சுடர் எழுதியது:

எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது! இதே குவாண்டம் பின்னல் வழியாக வெளிநாட்டில் இருக்கும் நோயாளியை இங்கிருந்தே குணப்படுத்த முடியும். ஞாயிறு தோறும் வகுப்பு, விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்பவும்.

தாமிரக்கம்பி எழுதியது:

முடியாது, ஐயா. ஒரு பக்கத்து விடைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி. மறுமுனையில் கோணத்தை எப்படித் திருப்பினாலும், அளக்காமலே விட்டாலும் அதே பாதிக்குப் பாதி. இரு பக்கத்துப் பட்டியலையும் தொலைபேசியிலோ கடிதத்திலோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால்தான் ஒற்றுமை தெரியும். ஓர் எழுத்தைக்கூட அனுப்ப முடியாத இடத்தில் மருத்துவத்தை எப்படி அனுப்புவீர்கள்?

குறைகடத்தி இதையும் கவனிக்க வேண்டும். எதுவும் போகவில்லை, எதையும் அனுப்ப முடியாது, சார்பியலுக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு எதை வைத்து அண்மை செத்தது என்கிறீர்கள்? ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை என் பையிலும் மற்றதை உங்கள் பையிலும் போட்டு அனுப்பினால், நான் பையைத் திறந்ததும் உங்களிடம் இருப்பது இடதா வலதா என்று தெரிந்துவிடுகிறது. அங்கே ஏதாவது பாய்ந்ததா?

குறைகடத்தி எழுதியது:

செருப்பு பையில் போடும்போதே இடது அல்லது வலது. அதுதான் முன்கூட்டிய விடை! 'அளக்காததற்கு மதிப்பில்லை' என்று முதல் பதிவில் சொன்ன நீங்களே இப்போது மதிப்போடு கூடிய செருப்பை உதாரணம் காட்டுகிறீர்கள். மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் சொல்வதே அது செருப்பு அல்ல என்பதைத்தான்.

செய்தி அனுப்ப முடியாது என்பதை மறுக்கவே இல்லை. நான் கேட்பது செய்தியைப் பற்றி அல்ல, காரணத்தைப் பற்றி. ஐன்ஸ்டைனைக் கவலைப்பட வைத்ததும் அதுவே. 1947-இல் நண்பரான இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதத்தில்தான் 'பேய்த்தனமான தொலைவினை' என்று கேலி செய்தார். போமின் கோட்பாடு வந்தபோது, தன் கட்சிக்கு ஆள் கிடைத்தது என்று மகிழவும் இல்லை, அது மிகவும் மலிவான வழி என்று ஒதுக்கினார். இவரையா மறை மாறிகளுக்காக உயிரை விட்டவர் என்கிறீர்கள்?

பன்னுலகன் எழுதியது:

இருவரும் ஓர் அனுமானத்தைப் பேசவே இல்லை: ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே ஒரு விடைதான் நிகழ்கிறது என்பது. பல உலகக் கோட்பாட்டைத் தந்த ஹ்யூ எவரெட் 1957-இல் அதையே விட்டுவிட்டார். எல்லா விடைகளும் நிகழ்கின்றன, கிளைகள் பிரிகின்றன. அப்போது பெல் தேற்றத்தின் கால் தரையிலேயே படாது. அண்மையும் பிழைத்தது, அலைச் சார்பும் பிழைத்தது.

குறைகடத்தி எழுதியது:

பிழைத்தது, நிகழ்தகவைப் பலிகொடுத்து. எல்லா விடையும் நிகழ்கிறது என்றால் 'நான்கில் ஒன்று' என்பதற்கு என்ன பொருள்? இதற்கு உங்கள் முகாமிலேயே நான்கு பதில்கள் உலவுகின்றன, ஒன்றை ஒன்று ஏற்பதில்லை. தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன்.

இருட்டறை எழுதியது:

இன்னொரு தப்பிக்கும் வழியும் இருக்கிறது. கோணத்தைத் தேர்வதே சுதந்திரமானதல்ல, ஆதியிலேயே துகளோடு சேர்ந்து தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பார்கள். நோபல் பெற்ற ஹெரார்ட் டு ஹூஃப்ட்டே அந்தப் பக்கம் சாய்ந்தவர். 2018-இல் வெளியான சோதனையில் கானரித் தீவுகளில் இரு தொலைநோக்கிகள் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் பிரகாசமான மையங்களான குவாசார்களின் ஒளியைப் பிடித்து, அந்த ஒளியின் நிறத்தைக் கொண்டு கோணத்தைத் தேர்ந்தெடுத்தன. முன்கூட்டிய சதி ஏதேனும் இருந்தால் அது குறைந்தது 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். இந்த வழியை முழுக்க அடைக்க எந்தச் சோதனையாலும் முடியாது என்பது வேறு விஷயம். எனக்கு அது அறிவியலைக் கைவிடுவதாகவே படுகிறது.

குறைகடத்தி எழுதியது:

சரி, தாமிரக்கம்பி ஐயாவிடம் ஒரே கேள்வி. என் மூன்று கோணக் கணக்கில் எந்த வரியை மறுக்கிறீர்கள்? 'மெய்ம்மையை மறுக்கிறேன்' என்று பொதுவாக வேண்டாம். வரியைக் காட்டுங்கள்.

தாமிரக்கம்பி எழுதியது:

நியாயமான கேள்வி. 'புறப்படும்போதே விடையை எடுத்துக்கொண்டு போயிருந்தால்தான் முடியும்' என்ற வரி. தொடாமலேயே மறுபக்க விடையை நிச்சயமாகக் கணிக்க முடிந்தால் அங்கே ஏற்கெனவே ஏதோ இருந்தாக வேண்டும் என்பது 1935 கட்டுரையின் அளவுகோல். அதை நான் ஏற்கவில்லை. இங்கே கிடைத்த விடை, அங்கே என்ன வரும் என்பது பற்றிய என் அறிவை மாற்றுகிறது. அங்கிருக்கும் பொருளை மாற்றவில்லை. ஒற்றுமை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பொதுக் காரணம் ஒளிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே நான் விட்டுவிடுகிறேன்.

குறைகடத்தி எழுதியது:

அப்படியென்றால் பிசகாத ஒற்றுமைக்கு உங்களிடம் விளக்கமே இல்லை, விளக்கம் தேவையும் இல்லை என்கிறீர்கள். அது ஒரு நிலைப்பாடு, மதிக்கிறேன். ஆனால் அதற்கு 'அண்மையைக் காப்பாற்றினேன்' என்று பெயர் வைக்காதீர்கள். காரணம் கேட்பதையே நிறுத்திவிட்ட இடத்தில், காரணம் அருகிலிருந்து வந்ததா தொலைவிலிருந்து வந்ததா என்ற கேள்வியே எழாது.

தாமிரக்கம்பி எழுதியது:

உங்கள் போமும் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கவில்லையே. அந்தத் தொலைவினை 'உடனே' நிகழ வேண்டுமென்றால் யாருடைய கடிகாரப்படி உடனே? சார்பியலில் விலக்கப்பட்ட தனிச்சிறப்பு வாய்ந்த ஒரு சட்டகத்தை (இடத்தையும் நேரத்தையும் அளக்கும் நோக்குநிலையை) பின்வாசல் வழியே கொண்டுவந்து, அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒளித்தும் வைக்கிறீர்கள். என்னிடம் எதற்கு விளக்கம் இல்லையோ அதை நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். நீங்கள் அந்தச் சட்டகத்தைப் பற்றி மாணவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

குறைகடத்தி எழுதியது:

இருக்கிறது என்றுதான் சொல்வேன். சங்கடமாகத்தான் இருக்கிறது. போமின் கோட்பாட்டைச் சார்பியலோடு ஒட்ட வைக்க நடக்கும் முயற்சிகளில் எதுவும் இன்னும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆனாலும் 2.42 என்ற எண்ணின் முன்னால் சங்கடப்படாத கட்சி எதுவும் இல்லை ஐயா.