இன்டர்டிக்ட்டும் சபைநீக்கமும் ஒன்றா?

கேள்வி:
இங்கிலாந்து மன்னர் ஜானைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1208-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் நாடு முழுவதற்கும் இன்டர்டிக்ட் (வழிபாட்டுத் தடை) விதித்தாராம். மறு வருஷம் மன்னரைச் சபைநீக்கமும் (திருச்சபையிலிருந்து விலக்குவது) செய்தாராம். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை?

பதில்:
ஒன்றில்லை. சபைநீக்கம் ஆளின் மேல் விழுவது. இங்கே வரும் இன்டர்டிக்ட் நாட்டின் மேல் விழுந்தது. மக்களை யாரும் சபையிலிருந்து தள்ளவில்லை, வழிபாடுதான் நின்றது. திருத்தந்தை தேர்ந்த ஸ்டீவன் லாங்டனை, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயராக ஏற்க ஜான் மறுத்ததில் வந்த சண்டை இது. 1208 மார்ச் முதல் 1214 ஜூலை வரை கோயில் மணி கிடையாது, மக்களுக்குத் திருப்பலி (பூசை) கிடையாது. பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு உண்டு. சாகக் கிடப்பவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) உண்டு. ஆனால் செத்த பிறகு மந்திரித்த கல்லறையில் இடமில்லை. என்னைக் கேட்டால் இதுதான் கொடுமை. திருப்பலி இல்லாமல் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற தாயை வேறெங்கோ புதைத்துவிட்டு எப்படி இருப்பது?

கேட்டவர்:
சரி, முரண்டு பிடித்தது மன்னர். மக்கள் என்ன செய்தார்கள்?

பதில்:
ஒன்றும் செய்யவில்லை. குடிகள் கொதித்தால் மன்னர் இறங்கி வருவார் என்பதுதான் கணக்கு. ஜானிடம் அது பலிக்கவில்லை. திருச்சபைச் சொத்துகளைக் கைப்பற்றி வருமானம் பார்த்தார். குருக்களோடு வாழ்ந்த பெண்களைப் பிடித்துவைத்துப் பணம் வாங்கிக்கொண்டு விடுவித்தார் (ஆள் கில்லாடி). கடைசியில் பிரெஞ்சு மன்னர் பிலிப் படையெடுக்கத் தயாரானபோதுதான், 1213 மே மாதம், திருத்தந்தைக்குப் பணிந்தார். அவருக்கு ஆண்டுக்கு 1,000 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) கப்பம் கட்டவும் ஒப்புக்கொண்டார். அப்புறமும் தடை உடனே நீங்கவில்லை. பறித்ததற்கு எவ்வளவு ஈடு தருவது என்ற பேரம் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதுவரை கல்லறைக் கதவு அடைத்தபடியே.

இன்னொருவர்:
ஒரு சின்னச் சேர்க்கை. 1209-லேயே துறவு மடங்களுக்கு வாரம் ஒரு திருப்பலிக்கு அனுமதி கிடைத்தது, கதவைச் சாத்திக்கொண்டு. பின்னால் எட்டாம் பொனிபாஸ் 1298-இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் இது எல்லாக் கோயில்களுக்கும் பொதுவிதியானது: தாழ்ந்த குரலில், மணியடிக்காமல் தினமும் திருப்பலி நடத்தலாம். கிறிஸ்துமஸ், பாஸ்கா (ஈஸ்டர்), பெந்தெகொஸ்தே, மாதா விண்ணேற்பு நாட்களில் மட்டும் கதவைத் திறந்து மணியும் அடிக்கலாம்.