டோனி, ஒலிவியர் விருதுகளில் உங்களைத் துள்ளிக் குதிக்க வைத்தது எது?

கடைசிவரிசை:
நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கான டோனி, லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியர் விருது விழாக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. இதுவரை வந்த விருதுகளில் எதைக் கேட்டதும் உட்கார முடியாமல் எழுந்து நின்றீர்கள், ஏன்? "சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்று தலையாட்டிவிட்டுப் போகிற விருதுகளை விடுங்கள். நம் வீட்டு ஆளுக்குக் கிடைத்த மாதிரி மனசு நிறைந்ததே, அப்படி ஒன்றைச் சொல்லுங்கள்.

எனக்கு 2019 டோனி. 'ஹேட்ஸ்டவுன்' மியூசிக்கலில் ஹெர்மீஸாக வந்த ஆந்த்ரே டி ஷீல்ட்ஸுக்குத் துணை நடிகர் விருது. மனிதருக்கு அப்போது 73 வயது. 1975இல் 'தி விஸ்' நாடகத்தில் தலைப்புப் பாத்திரமான மந்திரவாதியாகவே வந்து பெயர் வாங்கியவர், அதன் பிறகு நாற்பது வருடத்துக்கும் மேலாக மேடையை விடாமல் ஆடிப் பாடியவர், 1997இலும் 2001இலும் பரிந்துரைப் பட்டியல் வரை வந்து வெறுங்கையோடு திரும்பியவர். மேடை ஏறியதும் முதலில் கூப்பிட்டது தன் சொந்த ஊரான பால்டிமோரைத்தான். நியூயார்க் போய் நீங்கள் பெருமைப்படுகிற பிள்ளையாக ஆவேன் என்று சொன்னேனே, சொன்னதைச் செய்துவிட்டேன் என்கிற அர்த்தத்தில் ஊரைப் பார்த்துப் பேசினார். அப்புறம் இந்தத் தொழிலில் நீடிக்க மூன்று விதிகள்: உன்னைக் கண்டதும் யார் கண் மலர்கிறதோ அவர்களோடு இரு, மெதுவாகப் போவதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் வழி, ஒரு மலையின் உச்சி அடுத்த மலையின் அடிவாரம் என்பதால் ஏறிக்கொண்டே இரு. நமக்கு அது திங்கள் விடிகாலை. மற்றவர்கள் நன்றிப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற அதே கொஞ்ச நேரத்தில் இவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார் பாருங்கள், அந்த நிதானத்துக்கே இன்னொரு விருது கொடுக்கலாம்.

பாவைக்கூத்து ரசிகன்:
அண்ணா, நல்ல கேள்வி. என்னுடையது லண்டன் பக்கம், 2022 ஒலிவியர், 'லைஃப் ஆஃப் பை'. கப்பல் மூழ்கிய பிறகு பை என்கிற பையனும் ஒரு புலியும் ஒரே படகில் தவிக்கிற கதை. அது புதுச்சேரியில் ஆரம்பிப்பதால் நமக்குக் கூடுதல் பாசம், அது இருக்கட்டும். சிறந்த துணை நடிகர் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? புலிக்கு! அதாவது ரிச்சர்ட் பார்க்கர் என்ற அந்தப் புலிப் பொம்மையை இயக்கிய ஏழு கலைஞர்களுக்கும் சேர்த்து ஒரே விருது. ஒரு காட்சியில் மூன்று பேர் புலியை ஆட்டுவார்கள், ஒருவர் தலை, ஒருவர் நடு உடம்பு, ஒருவர் பின்னங்கால். யாரும் ஒளிந்துகொள்வதில்லை, ஆள் முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறார். ஆனாலும் மூன்று பேரும் ஒரே சீராக மூச்சு விடுவதால் கொஞ்ச நேரத்தில் நம் கண் மனிதர்களை விட்டுவிட்டுப் புலியை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

நான் தோல்பாவைக்கூத்தும் பொம்மலாட்டமும் பார்த்து வளர்ந்தவன். நம்மிடம் பாவை ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால் இருப்பார், குரல் அவருடையது, கை அவருடையது, கைதட்டல் மட்டும் ராமனுக்கும் அனுமனுக்கும் போகும். பொம்மை ஆட்டுவதும் நடிப்புதான் என்று பெரிய விருது ஒன்று வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் அந்த ஏழு பேருக்காக மட்டும் வந்தது இல்லை. அதே இரவில் பையாக நடித்த ஹிரன் அபேசேகர சிறந்த நடிகர் விருது வாங்கினார், இலங்கையில் பிறந்து லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் படித்தவர். பையனுக்கும் விருது, புலிக்கும் விருது. ஒரே படகில் கிடந்தவர்கள் ஆயிற்றே, ஒருவருக்குக் கொடுத்து ஒருவரை விட்டிருந்தால் நியாயமே இல்லை.

நிலாமுற்றம்:
கடைசிவரிசை சொன்ன அதே 2019 விழாதான், ஆனால் எனக்கு ஆலி ஸ்ட்ரோக்கர். 'ஒக்லஹோமா' மறு தயாரிப்பில் ஏடோ ஆனியாக வந்தார், சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர் டோனி வாங்கியது அதுதான் முதல் தடவை. என் தங்கையும் சக்கர நாற்காலிதான், பாட்டு என்றால் உயிர். இங்கே ஒரு அரங்கத்தில் கச்சேரி கேட்கப் போனபோது நாற்காலி நடைபாதையை மறைக்கிறது என்று சொல்லி அவளைக் கதவோரம் உட்கார வைத்தார்கள். அதனால் அந்தப் பெண் மேடையில் வந்து, ஏதோ ஒரு குறையோடு வாழ்ந்துகொண்டு தங்களைப் போன்ற ஒருவரை இந்த இடத்தில் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த விருது என்று சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம், அம்மா பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

சந்தோஷத்தோடு ஒரு வருத்தமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விழா நடந்த ரேடியோ சிட்டி அரங்கில் பார்வையாளர் இருக்கையிலிருந்து மேடைக்குப் போகச் சாய்தளம் இல்லை, அவர் மேடைக்குப் பின்னாலிருந்துதான் வந்தார். பிறகு சிறந்த மறு தயாரிப்பு விருதும் அதே நாடகத்துக்குக் கிடைத்து மொத்தக் குழுவும் மேடையில் நின்றபோது அவர் அங்கே இல்லை. நியூயார்க்கிலேயே இந்த நிலைமை. அந்தப் பேச்சைத் தங்கை இன்னும் போட்டுப் பார்ப்பாள், நிலா என்று என்னைக் கூப்பிட்டு என்னையும் பார்க்கச் சொல்வாள்.

அரைத்திரை:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024, 'மெரிலி வி ரோல் அலாங்'. 1981இல் முதலில் வந்தபோது 16 தடவை மட்டும் மேடையேறி மூடிவிட்ட நாடகம், அதற்குப் பிறகு இசையமைத்த சாண்ட்ஹைமும் இயக்கிய ஹால் பிரின்ஸும் பல வருடங்கள் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. 2024இல் சிறந்த மறு தயாரிப்பு, அதில் நடித்த ஜானதன் கிராஃபுக்கு முதல் டோனி, டேனியல் ராட்கிளிஃபுக்கும் முதல் டோனி. எல்லாரும் இவர்களைத்தான் பேசினார்கள். நான் கைதட்டியது, இசைக்குழுவில் எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுகிற இசைக்கோர்ப்புக்கான விருதை வாங்கிய ஜானதன் டியூனிக்குக்கு! 1981இல் தோற்றுப்போன அதே நாடகத்துக்கு இசைக்கோர்ப்பு செய்தவரும் அவரேதான். சாண்ட்ஹைம் 2021இல் போய்விட்டார். கூட உழைத்த ஒருவராவது இருந்து அதை வாங்கினாரே என்று இருந்தது.

சிட்னித் தமிழன்:
எல்லாரும் பிராட்வே, லண்டன் என்கிறீர்கள், ஆஸ்திரேலியாவையும் கொஞ்சம் பாருங்கோ. 2019 ஹெல்ப்மன் விருதுகள், 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்', ஏழு விருது. எழுதியவர் எஸ். சக்திதரன், எங்கட பெடியன், இயக்கம் ஈமன் ஃபிளாக். கொழும்பில் 1950களில் தொடங்கி சிட்னியில் 2004 வரை வருகிற ஒரு குடும்பத்தின் கதை. அதில் வருகிற தாத்தாவுக்கு மூலம் சக்திதரனின் பூட்டன் சி. சுந்தரலிங்கம், இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியாக இருந்தவர். சிட்னி நகர மண்டபத்தையே இலங்கை ஊர் மண்டபம் மாதிரி மாற்றி வைத்திருந்தார்கள், சாப்பாடும் எங்கட சாப்பாடு. மேடையில் ஒருவர் தமிழில் பேசுவார், ஓரத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லுவார். எங்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வர முன்னமே சிரிப்பு வந்துவிடும், பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்ப்பார், பிறகு அவரும் சிரிப்பார்.

83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த எத்தனையோ குடும்பங்களில் பெற்றோர் நடந்ததை வாயே திறந்து சொன்னதில்லை. பிள்ளைகள் கேட்டாலும் சொல்லமாட்டினம். அந்த நாடகம் பார்த்துவிட்டுக் காரில் வீட்டுக்கு வரும் வழியில்தான் என் அப்பா முதல் தடவையாகக் கதைத்தார். அதனால் அந்த விருதுகள் அறிவிக்கப்பட்டபோது எங்கட வீட்டில் யாருக்கும் அது வெறும் நாடக விருதாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் பிரதிக்கு விக்டோரிய இலக்கியப் பரிசும் கிடைத்தது, நாட்டிலேயே பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்று.

கடைசிவரிசை:
சிட்னித் தமிழன், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. அந்தப் பிரதி புத்தகமாகக் கிடைக்கிறதா? இங்கே ஒரு வாசிப்புக் குழு வைத்திருக்கிறோம், அடுத்த நாடகமாக இதையே எடுக்க ஆசை. நிலாமுற்றம், தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சிட்னித் தமிழன்:
கிடைக்கும், கரன்சி பிரஸ் வெளியீடு. வாசிக்கும்போது சத்தமாக, ஆள் மாறி மாறி வாசியுங்கோ. தாத்தா பகுதிக்கு நல்ல கனத்த குரல் இருக்கிற ஆளைப் பிடியுங்கோ.