டெலா குரூஸ் என்ற குடும்பப்பெயர்: ஒரே ஆள் இரண்டு பதிவாக விழுகிறார், உதவி தேவை

கணக்குப்பிள்ளை:
வணக்கம். துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறையப் பேர். பழைய எக்செல் கோப்பிலிருந்து புது மென்பொருளுக்குப் பெயர்களை ஏற்றியதிலிருந்து ஒரே தலைவலி. உதாரணத்துக்கு 'மரியா ரெயெஸ் டெலா குரூஸ்' என்று ஒருவர் இருந்தால், ஒரு பதிவில் குடும்பப்பெயர் 'குரூஸ்', இன்னொரு பதிவில் 'டெலா குரூஸ்'. வங்கி சம்பளக் கோப்பையே திருப்பி அனுப்பிவிட்டது.

இதில் எதைக் குடும்பப்பெயராக எடுப்பது? நடுவில் நிற்கும் 'ரெயெஸ்' என்ன? அப்புறம், டெலா குரூஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. "எல்லாரும் ஒரே குடும்பமா, சிபாரிசில் வந்தவர்களா" என்று மேலாளர் கேட்கிறார். ஸ்பெயின் வம்சாவளியாக இருப்பார்களோ?

கப்பல்காரன்:
நம் பெயரைப் படிக்கிற கண்ணோடு படித்தால் குழப்பம்தான். பிலிப்பைன்ஸ் பெயர் மூன்று துண்டு. முதலில் இட்ட பெயர், நடுவில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர், கடைசியில் அப்பாவின் குடும்பப்பெயர். ஆக உங்கள் மரியாவுக்கு அம்மா வழி ரெயெஸ், அப்பா வழி டெலா குரூஸ். நமக்கு இனிஷியல் அப்பாவைக் காட்டும், அவர்களுக்கு நடு இனிஷியல் அம்மாவைக் காட்டும். ஸ்பெயினிலும் இரண்டு பெயர் உண்டு, ஆனால் அங்கே அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் கடைசியில். இணையத்தில் ஸ்பெயின் முறையைப் படித்துவிட்டு இங்கே பொருத்தினால் தலைகீழாகப் போய்விடும்.

'டெலா குரூஸ்' ஒரே பெயர், பிரிக்கவே கூடாது. பொருள் 'சிலுவையின்', அவ்வளவுதான். ஸ்பெயினில் அகரவரிசையில் 'குரூஸ்' என்ற இடத்தில் வைப்பார்கள். பிலிப்பைன்ஸில் 'டி' எழுத்தில்தான் தேட வேண்டும். வெறும் 'குரூஸ்' என்பது அங்கே தனியான இன்னொரு குடும்பப்பெயர், அதுவும் ஏராளம். உங்கள் மென்பொருள் கடைசிச் சொல்லை மட்டும் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, 'டெலா'வை ரெயெஸோடு சேர்த்து நடுப்பெயரில் தள்ளியிருக்கும். பாருங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
உறவா என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஸ்பெயின்காரர்கள் அங்கே கிறிஸ்தவம் பரப்பியபோது ஞானஸ்நானம் பெற்றவர்களில் பலர் புனிதர் பெயரையும் பக்திப் பெயரையும் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். டெலா குரூஸ், டெலோஸ் சாண்டோஸ், டெல் ரொசாரியோ, பாவ்டிஸ்டா எல்லாம் அப்படி ஊரெங்கும் பரவியவை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு பெயர் என்றும் நடந்தது. வரி வாங்குகிறவனுக்கும் நீதிமன்றத்துக்கும் இது சரிப்படுமா?

கவர்னர் ஜெனரல் நார்சிஸோ கிளாவெரியா 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை போட்டார். எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் வேண்டும். இதற்காகவே சுமார் 61,000 பெயர்கள் கொண்ட ஒரு அகரவரிசைப் பட்டியலை அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். அதில் ஸ்பானிஷ் பெயர்கள் மட்டும் இல்லை. உள்ளூர் மொழிச் சொற்களும் செடி, விலங்கு, இடப்பெயர்களும் கலந்து கிடந்தன. மாகாண அதிகாரி ஊருக்கு ஊர் தாள்களைப் பிரித்துக் கொடுப்பார். ஊரில் பங்குச் சாமியாரும் ஊர்த்தலைவர்களும் உட்கார்ந்து, குடும்பத்தில் மூத்தவரைக் கூப்பிட்டு ஒரு பெயரை ஒதுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குடும்பப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றுகூட வாத்தியார்களுக்கு உத்தரவு!

தாள் தாளாகப் பிரித்ததால் சில ஊர்களில் பெயரெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும். பிகோல் பகுதியில், அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊர் இதற்குப் பேர்போனது, அங்கே 'ஆர்' எழுத்துப் பெயர்கள் குவிந்திருக்கும். ஆகவே இந்த மாதிரிப் பெயர் உறவையும் காட்டாது, ஸ்பானிஷ் ரத்தத்தையும் காட்டாது. சில சமயம் பூர்வீக ஊரை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கிளாவெரியா லேசுப்பட்ட ஆளில்லை. நாட்காட்டி அக்கம்பக்கத்து நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியிருக்கிறது என்று 1844 டிசம்பர் 31-ஐயே தூக்கிவிட்டார். டிசம்பர் 30-க்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1.

வெயிலான்:
அண்ணா, புதுப்பெயர் கொடுத்துவிட்டார்கள் என்றால் டெலா குரூஸ் ஒழிந்திருக்க வேண்டுமே? இன்றைக்கும் அங்கே அதுதான் முதலிடம் என்கிறார்களே.

ஏட்டுச்சுரைக்காய்:
நல்ல கேள்வி தம்பி. ஆணையிலேயே ஒரு விலக்கு இருந்தது. நான்கு தலைமுறையாக ஒரு பெயரை வைத்திருந்த குடும்பம் அதையே தொடரலாம். ஆனால் டெலா குரூஸ், டெலோஸ் சாண்டோஸ் மாதிரிப் பெயர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, அவ்வளவு பேர் வைத்திருந்ததால் குழப்பம் தொடரும் என்று ஆணையே சொன்னது. ஆனாலும் நடைமுறையில் டெலா குரூஸ் ஒழியவில்லை, ஏற்கெனவே அவ்வளவு பேர் வைத்திருந்தார்கள் என்பதால் மிஞ்சியதும் அதிகம். இன்று அதற்குப் பின்னால் கார்சியா, ரெயெஸ், ராமோஸ், மெண்டோசா, சாண்டோஸ் எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

நம் 'குப்பன் சுப்பன்' இருக்கிற இடத்தில் அங்கே 'ஹுவான் டெலா குரூஸ்'. 1900-களின் தொடக்கத்தில் மணிலா டைம்ஸ் பத்திரிகையில் இருந்த ராபர்ட் மக்கல்லக்-டிக், போலீஸ் குறிப்பேட்டிலும் வழக்குப் பட்டியலிலும் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, சாதாரணப் பிலிப்பைன்ஸ் மனிதனுக்கு அதையே பெயராக்கி எழுதினார். நிலைத்துவிட்டது.

ஆணை வந்ததும் எல்லோரும் அப்படியே மாறிவிடவும் இல்லை. பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹொசே ரிசாலின் குடும்பப்பெயர் மெர்காடோ. சீனாவிலிருந்து வந்த வணிகரான அவருடைய மூதாதை வைத்துக்கொண்டது அது. 1849-க்குப் பிறகு 'ரிசால்' சேர்ந்தும் வீட்டில் மெர்காடோதான் புழங்கியது. 1872-ல் ஸ்பானிஷ் அரசு மரண தண்டனை கொடுத்துக் கொன்ற பாதிரியார் புர்கோஸோடு அண்ணன் பாசியானோவுக்கு நெருக்கம் இருந்ததால் மெர்காடோ என்ற பெயர் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. அதனால்தான் தம்பி 'ரிசால்' என்று பள்ளியில் சேர்ந்தார்.

முத்துக்குளி:
குரூஸ் என்றதும் எங்கள் தூத்துக்குடி ஆளோ என்று ஓடி வந்தேன் 🙂

கப்பல்காரன்:
நானும் அந்த ஊர்தான். நம் குரூஸ், பெர்னாந்து, ரோச் எல்லாம் போர்ச்சுக்கீசியர் வழி வந்தவை, 1530-களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்ற காலத்துக் கதை. அவர்களுடையது ஸ்பெயின் வழி. கப்பலில் என் பெயரைப் பார்த்துவிட்டு பிலிப்பைன்ஸ் பையன்கள் தகாலோகில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்!

கணக்குப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. கப்பல்காரன் சொன்னதுதான், 'ரெயெஸ் டெலா' என்று நடுப்பெயரில் உட்கார்ந்திருக்கிறது. சிபாரிசு விஷயத்தை மேலாளரிடம் சொன்னேன், ஊர் எழுத்துக் கதையில் அவரே உட்கார்ந்துவிட்டார். ஆனால் சில பெண்களுக்கு நடுப்பெயர், கடைசிப் பெயர் இரண்டுமே மாறியிருக்கிறது. பிறந்த தேதி ஒன்றுதான்.

கப்பல்காரன்:
கல்யாணம் ஆகியிருக்கும். 'ஆனா ரெயெஸ் சாண்டோஸ்' என்ற பெண் ஒரு டெலா குரூஸைக் கட்டிக்கொண்டால் 'ஆனா சாண்டோஸ் டெலா குரூஸ்' ஆவார். அப்பா பெயர் நடுவுக்கு நகரும், அம்மா பெயர் போய்விடும். சட்டப்படி கணவர் பெயரைப் போடுவது கட்டாயமில்லை, பலர் மாற்றுவதே இல்லை. அதனால் ஊகிக்காதீர்கள், நடப்புப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அதில் குடும்பப்பெயர், இட்ட பெயர், நடுப்பெயர் மூன்றும் தனித்தனியாகவே இருக்கும். இடைவெளி உட்பட அதில் உள்ளபடியே எடுத்து அடியுங்கள். 'டெலா'வைச் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு, 'டெ லா' என்று பிரித்து எழுதுகிறவர்களும் உண்டு. பதிவுகளை ஒப்பிடும்போது மட்டும் இடைவெளியை நீக்கிவிட்டுத் தேடுங்கள், இணைப்புக்குப் பெயரை நம்பாமல் ஊழியர் எண்ணை வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
செய்து பார்த்தேன், இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் பாக்கி. பல பெண்களின் பெயருக்கு முன்னால் 'மா.' என்று புள்ளியோடு இருக்கிறது. மென்பொருள் அதை 'மேடம்' மாதிரி ஒரு பட்டம் என்று நினைத்து வெட்டிவிடுகிறது.

கப்பல்காரன்:
வெட்ட விடாதீர்கள். 'மரியா'வின் சுருக்கம் அது. பலருக்குப் பிறப்புச் சான்றிதழிலேயே 'மா. தெரெசா' என்றுதான் இருக்கும். நீங்களாக மரியா என்று விரித்தும் எழுதாதீர்கள், பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே. பட்டம் நீக்கும் அமைப்பு பெயர்களை ஏற்றும் திரையில் எங்காவது இருக்கும், அதை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.