சவுண்ட் கார்டில் கை வைக்கலாமா?

ஈயப்புகை:
கம்ப்யூட்டருக்குள் செருகும் பழைய பிசிஐ சவுண்ட் கார்டு ஒன்றைக் கழற்றி வேலை பார்த்தேன். ஹெட்ஃபோன் வெளியீட்டில் இருந்த 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களை எடுத்துவிட்டு 470 போட்டேன். ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பான 4580-ஐயும் கழற்றி, எட்டுக்கால் சாக்கெட் வைத்து எல்எம்4562 என்ற வேறொரு ஆப்-ஆம்பைச் செருகினேன். அதே 32 ஓம் ஹெட்ஃபோன், அதே பாட்டு. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) இப்போதுதான் காதில் விழுகிறது, பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. தயங்காமல் செய்யுங்கள்.

அலைவரி:
தொப்பி கேட்பதை நம்புகிறேன், பாடகர் பக்கத்தில் வந்ததை நம்பவில்லை. வெளியீட்டுக் கெபாசிட்டரும் ஹெட்ஃபோனும் சேர்ந்தால் கீழ் ஸ்தாயியை வெட்டும் ஃபில்டர். 100 மைக்ரோஃபாரட், 32 ஓம் என்றால் 50 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடும். 470 போட்டதும் அந்த வெட்டு சுமார் 11 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அது நல்ல வேலை. ஆனால் அதே கார்டை 10 கிலோ ஓம் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிறவருக்கு பழைய கெபாசிட்டரே தாராளம், வெட்டு 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே. "தயங்காமல் செய்யுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லாதீர்கள். ஆப்-ஆம்ப் விஷயத்தில், 4580 தரும் டிஸ்டார்ஷனே (ஒலிச் சிதைவே) காதுக்கு எட்டாது.

ஈயப்புகை:
சிப்பின் டேட்டாஷீட்டில் உள்ள டிஸ்டார்ஷன் எண் லேசான சுமையில் எடுத்தது. 32 ஓம் ஹெட்ஃபோனை இழுக்கும்போது எந்த ஆப்-ஆம்பும் அப்படியே இருக்காது. என் காதை நான் நம்புகிறேன்.

செவிச்செல்வம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதே மாற்றத்தைச் செய்து நான் ஒரு கார்டை இழந்தேன். எல்எம்4562 வேகமானது. பவர் கால்களுக்கு ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இல்லாவிட்டால் ஆஸிலேட் ஆகலாம், அதாவது தானாகவே அதிரத் தொடங்கலாம். பாட்டு ஓடாதபோதும் சிப்பின் மேல் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அவசரமாகக் கழற்றப் போய் பேடும் (போர்டில் சிப்பின் காலைப் பற்றவைக்கும் செப்புத் தகடு) கூடவே உரிந்து வந்துவிட்டது. உங்களுடையதைத் தொட்டுப் பாருங்கள்.

ஈயப்புகை:
தொட்டேன். வெதுவெதுப்புதான். செராமிக் சாக்கெட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

அலைவரி:
சரி, அப்போது சோதிப்பது சுலபம். சாக்கெட் இருக்கிறது, பழைய 4580-ஐயும் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள். ஹெட்ஃபோன் மாட்டியபடியே வெளியீட்டை இன்னொரு கார்டின் லைன்-இன்னுக்குக் கொடுத்து, இரண்டு சிப்பிலும் ஒரே பாட்டைப் பதிவு செய்யுங்கள். ஒலி அளவை 0.1 டெசிபலுக்குள் சமன் செய்ய மறக்காதீர்கள், கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் எது எது என்று தெரியாமல் வேறொருவர் போட்டுக்காட்டட்டும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஈயப்புகை:
4580 டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். பதிவுகளையும் இங்கேயே போடுகிறேன், நீங்களும் கேளுங்கள்.